எட்டுக்கு எட்டு

என் அக்காவின் வருங்காலத்தைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்லக்கூடிய ஒரே பொருள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், புனித அந்தோனியாரின் சுரூபத்துக்கு முன்னால், எரிகிற மெழுகுவர்த்தியோடு ஒட்டி நின்றபடி உருகத் தொடங்கியிருந்தது. ஹந்தானைக்குப் போகும் வீதியில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, அத்தான் அதற்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அவருடைய செபமாலை கீழே விழுந்தது. அந்தோனியார் மட்டும் அசையவில்லை.

அந்தப் பொருள் தபால் முத்திரையைவிடச் சற்றே பெரிய ஒரு மெழுகுக் கட்டி. அக்காவின் மார்பில் இருந்த கட்டிக்குள் ஊசி விட்டு எடுத்த, நூல் போன்ற மூன்று துண்டுத் தசை அதற்குள் பதிந்திருந்தது. புற்றுநோய் என்பது முதல் அறிக்கையிலேயே தெரிந்துவிட்டது. எந்த வகை, எந்த மருந்துக்குப் பணியும், போக்கு எப்படியிருக்கும் என்பதையெல்லாம் அறிய ஹோர்மோன் ஏற்பிகளைப் பார்க்க வேண்டும். ஊசி விட்டு எடுத்த தனியார் ஆய்வுகூடத்தில் அந்தச் சோதனை இல்லை. ஆகவே அவர்கள் மெழுகுக் கட்டியைக் குடும்பத்தாரே வாங்கி, அரசாங்க ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அது நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, பொறுப்பாளராக ஓய்வுபெற்ற இடம்.

திங்கட்கிழமை அதை வாங்கிவர அத்தானை அனுப்பினேன். அவர் நாவலப்பிட்டியில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கொடுத்த பொருளைக் கொடுத்தபடியே கொண்டுவந்து சேர்ப்பவர் என்ற நம்பிக்கை எனக்கு. இருந்தும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வெயிலில் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. சட்டைப் பையில் வைக்கக் கூடாது. யாருக்கும் திறந்து காட்டக் கூடாது. என் பட்டியலில் புனிதர்கள் இருக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை மச்சான், அந்தோனியாருக்கு நவநாள்" என்றார் அத்தான், தரையிலிருந்து எழும்பாமலே. "எப்படியும் இன்னைக்குத்தானே கொண்டு போறோம். கொஞ்ச நேரம் வச்சு எடுப்பம்னுதான்."

"பைக்குள்ளதானே இருந்துச்சு?"

"பொலித்தீன் மறைக்குமேன்னு வெளியில எடுத்தேன்."

ஆசீர்வாதம் பொலித்தீனைத் தாண்டாது என்று நம்பிய மனிதரிடம் என்ன பேசுவது? கட்டியின் ஒரு மூலை இளகியிருந்தது. அதைவிட மோசம், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூட்டின் சரிந்த விளிம்பில் பென்சிலால் எழுதியிருந்த இலக்கத்தின் மேல், மெழுகுவர்த்தியின் சிவப்பு மெழுகு வழிந்து, அரக்கு முத்திரை போல உறைந்திருந்தது.

அக்கா அறைக்குள்ளிருந்து வந்து பார்த்தாள். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். அழுத பிள்ளைகளைப் பார்த்தும் அழாத முகம். "இன்னொரு தடவை ஊசி குத்தணுமா?" என்று கேட்டாள்.

"தேவைப்படலாம்."

"குத்த வர்ற டொக்டர்கிட்ட சொல்லு, முதல்ல உங்க அத்தானைக் குத்திட்டு வரச் சொல்லி."

ஏற்பி என்றால் என்னவென்று அதற்கு முந்தைய வாரம் அவளுக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். சில கட்டிகளின் உயிரணுக்களில், உடம்பில் ஓடும் ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருக்கும். ஹோர்மோன் அங்கே போய் ஒட்டி, வளர் என்று சொல்லும்; கட்டி வளரும். ஹோர்மோனை மாத்திரையால் நிறுத்தினால் கட்டிக்கு அந்தத் தூண்டுதல் போய்விடும். ஆகையால் ஏற்பிகள் இருப்பது, இல்லாததைவிடப் பொதுவாக நல்ல செய்தி. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ கட்டிக்குக் காது இருக்கான்னு பார்க்கிற சோதனை" என்றாள். என் முப்பத்தொரு வருடத்தில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. பிறகு கூடத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த அத்தானை எட்டிப் பார்த்து, "இவருக்கு எடுத்தா ஒண்ணுமே இல்லைன்னுதான் வரும்" என்றாள். நாற்பது வருடத் தாம்பத்தியத்தின் ஆய்வு முடிவு அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓட்டோவில் போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெழுகு உருகுவது அந்தத் தசைக்குப் புதிதல்ல. உருக்கித்தான் அதைப் பதிக்கிறோம். ஆனால் அளவு மீறிச் சூடு பட்டிருந்தால், இருக்கும் ஏற்பியும் இல்லாதது போலக் காட்டும். அப்படிக் காட்டினால் மாத்திரை கொடுக்க மாட்டார்கள். அவளுக்கு உதவக்கூடிய ஒரு வழியை ஒரு மெழுகுவர்த்தி அடைத்துவிடும். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் பையைப் பிடித்திருந்தார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அந்தோனியாரிடம் முறைப்பாடு செய்கிறாரா, மன்னிப்புக் கேட்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

ஆய்வுகூடத்தின் கண்ணாடி யன்னலுக்கு அப்பால் இப்போதைய பொறுப்பாளர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், பயிற்சிக்கு வந்த காலத்திலிருந்து எனக்குக் கீழே வேலை செய்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மெழுகுக் கட்டியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"சேர், இலக்கம் தெரியேல்லையே."

"பென்சில் எழுத்து. மேல இருக்கிற மெழுகைக் கரைச்சா தெரியும். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும் சேர். ஆனா இப்பிடி எடுக்கேலாது." அவர் விரலை நீட்டினார். விரல் காட்டிய இடத்தில், பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அறிவித்தல் மூன்று மொழிகளில் தொங்கியது. இலக்கம் தெளிவில்லாத மாதிரி எக்காரணம் கொண்டும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. கீழே என் கையொப்பம். 'எக்காரணம் கொண்டும்' என்பது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இல்லை. தமிழில் மட்டும், அழுத்தத்துக்காக, நானே சேர்த்தது.

"இந்த விதி எனக்கில்ல" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான வாக்கியம் என்று உறைத்தது. அந்த யன்னலில் நின்று இதே வாக்கியத்தைச் சொன்ன நூற்றுக்கணக்கானவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதுவும் ஒருவித மனநிறைவோடு. அந்த விதி சும்மா பிறந்ததல்ல. ஒருமுறை இரண்டு பெண்களின் மாதிரிகள் தட்டு மாறிப் போயின. அன்று பின்னேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பில் அன்றே எழுதியதுதான் அது.

பொறுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "சேர், நான் சும்மா எடுத்தனெண்டா நாளைக்கு அக்காவின்ர ரிப்போர்ட்டை நீங்களே நம்ப மாட்டியள். அங்க போய் அவையின்ர கண்ணாடித் தகட்டையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வாங்கோ. பொருத்திப் பார்த்திட்டு எடுக்கிறன். சேர் படிப்பிச்ச முறைதானே."

முறைதான். முதல் அறிக்கைக்காகச் சீவித் தகட்டில் ஒட்டிய சீவலின் வடிவமும், மெழுகுக் கட்டியில் மிஞ்சியிருக்கும் தசையின் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். தனியார் ஆய்வுகூடத்துக்குத் திரும்பினோம். படிவம், அடையாள அட்டைப் பிரதி, கடிதம், கையொப்பமிடுபவர் தேநீருக்குப் போயிருந்ததால் காத்திருப்பு. அத்தான் ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை. கடைசியில், "மச்சான், அந்த விதியை எழுதினவன் யாருன்னு தெரிஞ்சா நல்லா ரெண்டு வார்த்தை கேட்கணும்" என்று மட்டும் சொன்னார். சிங்களமும் ஆங்கிலமும் தமிழும் வாசிக்கத் தெரிந்தவர் அவர். அறிவித்தலைப் பார்த்துக்கொண்டுதான் பக்கத்தில் நின்றிருந்தார்.

மூடுவதற்கு அரை மணித்தியாலம் இருக்கையில் திரும்பி வந்தோம். மூன்று நூல்களில் ஒன்று தூண்டில் முள் போல வளைந்திருந்தது; தகட்டிலும் அதே வளைவு. பொறுப்பாளர் ஒரு துளி கரைப்பானைப் பஞ்சில் தொட்டு விளிம்பைத் துடைத்தார். சிவப்பு மெழுகு போய், சாம்பல் நிறத்தில் இலக்கம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அத்தான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டேன், வெளியாட்கள் இடும் பக்கத்தில்.

அடுத்த வாரம் அறிக்கை தயார் என்று தகவல் வந்தது. போனேன். "சேர், ரிப்போர்ட் நோயாளியின்ர கையிலதான்" என்றார் பொறுப்பாளர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அதுவும் என் விதி. மறுநாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். படிகளில் நின்று நின்று ஏறி, பொறுப்பாளர் தந்த உறையோடு வாங்கில் உட்கார்ந்து, அதைக் கிழிக்காமல் பிரித்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு அந்தத் தாளில் எந்த வரியில் எது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். பார்க்கத்தான் முடியவில்லை. சுவரிலிருந்த தீயணைப்புக் கருவியின் காலாவதித் திகதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஈஸ்ட்ரஜன் ஏற்பி, எட்டுக்கு எட்டு" என்றாள்.

நான் திரும்பினேன்.

"அடுத்த ஏற்பி எட்டுக்கு ஆறு. மிச்சம் ரெண்டு எங்க போச்சு?"

"அது போதும்க்கா. நிறையப் போதும்."

எத்தனை உயிரணுக்களில் பழுப்பு நிறம் ஏறியிருக்கிறது, சாயம் எவ்வளவு கடுமை என்று இரண்டையும் கூட்டிப் போடும் புள்ளி அது. எட்டுக்கு மேல் கிடையாது. மெழுகுவர்த்தி ஒன்றையும் கெடுத்திருக்கவில்லை.

அக்கா தாளை மடியில் வைத்தாள். "இப்போ ஒழுங்கா சொல்லு. இருப்பேனா?"

"அதை இந்த மார்க் சொல்லாது. வருஷக் கணக்கு யாராலயும் சொல்ல ஏலாது. ஆனா உங்க கட்டி காது கேட்கிற கட்டி. மாத்திரைக்கு வேலை இருக்கு. வழி இருக்கு."

அவளுடைய கன்னத்தில் ஒரு துளி இறங்கியது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து, துழாவி, ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, எட்டுக்கு எட்டுக்குப் பக்கத்தில், நல்ல பெரிதாக, ஒரு சரி போட்டாள்.

"அக்கா! அது மூலப் பிரதி!"

"அதனாலதான் போட்டேன்."

இது நடந்து ஆறு வருடமாகிறது. சத்திரசிகிச்சை முடிந்து, மாத்திரை தொடர்கிறது. மாத்திரையால் வரும் மூட்டு வலிக்கு அவள் என்னைத் திட்டுகிறாள். மாத்திரை தவறாமல் போட அத்தான் எழுப்பி விடுவதற்கு அவரைத் திட்டுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் புதிய டொக்டர் ஒருவர் கோப்பைத் திறப்பார், நெற்றியைச் சுருக்குவார், இந்த அடையாளம் யார் போட்டது என்று கேட்பார். "நான்தான் திருத்தினேன்" என்பாள் அக்கா. குறியிடப்பட்ட ஆவணம் செல்லாது, சுத்தமான பிரதி ஒன்று வேண்டும் என்று போன முறை தாதி சொன்னார். அவர் சொல்வது முற்றிலும் சரி. அதற்கு எந்தப் படிவம், எந்த யன்னல், எத்தனை நாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.