பியானோவுக்குப் புதுக்கம்பி கட்டிய கோடை

விருத்தாசலத்தில் எங்கள் சபையில் ஒரு பியானோ இருந்தது. ஊரைவிட்டுப் போன மிஷனரி வெள்ளைக்காரம்மா விட்டுச் சென்றது. பதினோரு வருஷம் ஞாயிறுதோறும் அதை நான்தான் வாசித்தேன். சபையின் ஆரம்பப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை. பியானோ வாசிக்கச் சொல்லி யாரும் என்னை நியமிக்கவில்லை. சின்ன வயதில் கடலூர் போர்டிங்கில் கற்றுக்கொண்டிருந்தேன், ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, அதனால் உட்கார்ந்தேன்.

வாசித்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பாதிக் கட்டைகள் பொய்க்குரலில் பேசும். சில பேசவே பேசாது. எந்தக் கட்டை எப்போது கழுத்தறுக்கும் என்று எனக்கு மனப்பாடம். பாட்டைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ அவற்றைத் தாண்டித் தாண்டி வாசிப்பேன். பெஞ்சில் இருப்பவர்கள் டீச்சருக்குக் கை வேகம் போதாது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்தின்போது உள்ளே கம்பி ஒன்று பட்டாசு வெடித்த மாதிரி அறுந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மறுவாரமே சபைக் கமிட்டியில் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் மெட்ராஸில் ஒரு பியானோ ரிப்பேர்க்காரருக்குக் கடிதம் எழுதினேன். அவர் ரயிலேறி வந்தார். முன்பலகையைக் கழற்றினார். ஒவ்வொரு கம்பியின் மேல்முனையும் விரல் நீள இரும்பு ஆணி ஒன்றில் சுற்றியிருக்கும். அந்த ஆணியை மரத்தில் அடித்து இறக்கியிருப்பார்கள். அதைத் திருகித்தான் சுருதி கூட்டுவது. அவர் ஓர் ஆணியில் திருகுசாவியை மாட்டினார். இரண்டு விரலால் தொட்டதுமே அது சுழன்றது.

"கம்பி துருப்பிடிச்சது கெடக்கட்டும்மா. ஆணியே நிக்கலையே. உங்க ஊரு வெயில்ல மரம் காஞ்சு ஓட்டை பெருசாயிடுச்சு. எல்லாக் கம்பியும், எல்லா ஆணியும் மாத்தணும். ஆணி ஒரு சைஸ் தடிமனாப் போடணும். மெட்ராஸுக்கு அனுப்புங்க."

அனுப்ப முடியாது என்றது கமிட்டி. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல ஃபிட்டர் ஒருத்தரும், கேக்கத் தெரிஞ்ச காது ஒண்ணும் இருந்தா இங்கயே செய்யலாம். சாமான் நான் அனுப்பறேன்" என்றார்.

ஃபிட்டர் என் வீட்டிலேயே இருந்தார். என் கணவர் பீங்கான் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்குப் புருவமெல்லாம் வெள்ளைக் களிமண்ணாக வருவார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அரிசி, பிள்ளைகள் படிப்பு, அவர் அம்மாவின் மூட்டுவலி. பியானோவைச் சரிசெய்து தருவீர்களா என்று கேட்டேன். மூன்றாம் நாள், ஆணித் தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்படி அராவிய இரும்புச் சாவி ஒன்றை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டது. பிள்ளைகளைப் பெண்ணாடத்தில் என் தங்கை வீட்டில் விட்டோம். தினமும் மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் சபைக்குப் போவோம். முதலில் பழைய கம்பிகளைத் தளர்த்தினோம். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் விரிசல் கண்டுவிடும் என்று மெட்ராஸ்காரர் எச்சரித்திருந்தார். அதனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்றாக. கழற்றிய ஒவ்வொரு கம்பியின் தடிமனையும் என் கணவர் மைக்ரோமீட்டரில் அளந்து சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். செம்பு சுற்றிய கனத்த கம்பிகளை மாதிரிக்கு மெட்ராஸ் அனுப்பி, அதே போலச் சுற்றி வாங்கினோம். இருநூறுக்கு மேல் கம்பிகள். புது ஆணியின் துளையில் கம்பி நுனியைச் செருகி, மூன்று சுற்றுச் சுற்றி, சுத்தியலால் அடித்து இறக்குவார். அடி பலமானால் மரம் பிளந்துவிடும். லேசானால் ஆணி நிற்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பார். ஒவ்வோர் ஆணியும் இறங்கியதும் அதன் தலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிக்கொடுப்பார்.

பிறகு சுருதி. நான் கட்டையை அழுத்திக் கேட்பேன், அவர் சாவியைத் திருகுவார்.

"ஏத்துங்க. இன்னும் கொஞ்சம். போதும் போதும்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. உனக்கு என்னாதான் கேக்குது?"

"தூரத்துல ஒரு அலை மாதிரி வருது பாருங்க, அது நிக்கணும்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். அவருக்குக் கேட்கவே இல்லை. ஆனாலும் நான் சொன்னதை நம்பித் திருகினார். புதுக்கம்பி இழுபட இழுபடச் சுருதி இறங்கும். நேற்று கூட்டியது இன்று இருக்காது. மறுபடி முதலிலிருந்து கூட்டுவோம். என் வாழ்க்கையில் அந்தக் கோடையில்தான் ஒரு மனிதர் நான் சொன்ன சொல்லுக்கெல்லாம் காத்திருந்தார். நான் சந்தோஷமாக இருந்தேன். இப்போது எழுதும்போது அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சரிசெய்த பியானோவின் பிரதிஷ்டை ஆராதனைக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். போதகர் என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார். "நம்ம ஃபிட்டர் தனியாளா நின்னு செஞ்ச காரியம்" என்றார். கைதட்டினார்கள். 'தனியாளா' என்ற சொல்லைக் கேட்டு என் கணவர் தலை குனிந்துகொண்டார். மறுக்கவில்லை. அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் எழுந்து பியானோவுக்குப் போகப் பார்த்தேன். போதகர் கையமர்த்தினார்.

"டீச்சரம்மா, இத்தினி வருஷம் ஓட்டைப் பியானோவ வெச்சிக்கிட்டு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க. இனிமே நீங்க ஓய்வா ஒக்காந்து பாடுங்க. எம்பொண்ணு மெட்ராஸ்ல பியானோ பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டு வந்திருக்குது. அது வாசிக்கட்டும். என்னா ஃபிட்டரு, சரிதான?"

என்னைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டார். என் கணவர் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "சரிங்கய்யா" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். நன்றாகவே வாசித்தாள். அதில் நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

சுருதி இறங்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட ஆள் வரும். "டீச்சரம்மா, கொஞ்சம் வந்து சரி பண்ணிட்டுப் போங்க." நானும் கணவரும் போய்ச் சரிசெய்வோம். வாசிக்க வேண்டாம், காது மட்டும் வேண்டும். பல மாதங்கள் இப்படிப் போனது. அடுத்த குருத்தோலை ஞாயிறுக்கு முன்தினம் அவருக்கு வேலை இருந்ததால் சாவியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். எல்லாக் கட்டைகளையும் ஒழுங்காகக் கூட்டினேன். பிறகு, மறுநாள் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் நாலு கட்டைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. மூன்றும் ஒன்றுபோல் நின்றால்தான் ஒரே குரலாகக் கேட்கும். நான்கிலும் நடுக்கம்பியை மட்டும் மயிரிழை இறக்கினேன். சாவியைப் பியானோ மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது பாட்டு கோணலாகக் கிளம்பியது. அந்தப் பெண் நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள், மறுபடி நிறுத்தினாள். பின்பெஞ்சில் சிரித்தார்கள். "என்னாம்மா இது? டீச்சர் நேத்துதான சரி பண்ணிட்டுப் போனாங்க!" என்று போதகர் எல்லோர் முன்னாலும் மகளை அதட்டினார். அவள் கடைசிவரை தலை நிமிராமல் வாசித்து முடித்தாள்.

ஆராதனை முடிந்து என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், நேத்து எல்லாம் சரியா இருந்திச்சில்ல? அப்ப என் கைதான் தப்பா?"

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். "கை இன்னும் பழகணும்மா" என்றேன்.

வாசலில் யாரோ என் கணவரிடம், "உங்க ஆணி லூசாயிடுச்சா ஃபிட்டரே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் உள்ளே போய் மேல்மூடியைத் திறந்து, சாவியை மாட்டி ஆணிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆணி கல்லாட்டம் நிக்குது. நான் அடிச்சது ஒரு நாள்ல தளராது. நீதான கம்பிய எறக்கன?"

"ஆமா."

"ஏன்?"

"சரிங்கய்யான்னு சொன்னீங்களே, அதுக்கு."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "வா, போயி சரி பண்ணிட்டு வந்துடலாம். அந்தப் பொண்ணு பாவம்" என்றார். நான் வரவில்லை என்றேன். அவர் தனியாகப் போனார். எந்தக் கம்பி என்று காதால் கண்டுபிடிக்கத் தெரியாத மனிதர், கண்ணால் பார்த்தே திருகியிருக்கிறார். நன்றாக இருந்த கம்பிகளையும் கெடுத்து, ஒன்றை அறுத்து, முழங்கையில் ரத்தத்தோடு திரும்பினார். நான் மருந்து போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் அடுத்த ஞாயிறு வாசிக்க வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போதகருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போனார்கள். புதிதாக வந்த போதகர் ஆர்மோனியக்காரர். பியானோவைச் சுவரோரம் தள்ளித் துணி போர்த்தினார்கள். என்னை வாசிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானாகவும் கேட்கவில்லை. என் கணவர் அதன்பின் சபைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் பியானோ இருக்கும் பக்கம் உட்காரமாட்டார்.

ஏழெட்டு வருஷம் கழித்து ரயில் ஜங்ஷனில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி. அவள்தான் என்னை அடையாளம் கண்டு, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று சிரித்தாள். இப்போதும் வாசிக்கிறாயா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"இல்ல டீச்சர். விட்டுட்டேன். நல்லா இருந்த பியானோவே கோணலாக் கேட்டிச்சே, எனக்குக் காது சரியில்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. அங்க இருந்தவங்கள்லயே நீங்க ஒருத்தர்தான் என்கிட்ட நல்லவிதமாப் பேசினீங்க."

திருச்சி வண்டி வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை ஏறச் சொன்னேன். பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளினேன். பிறகு வாசல் வழியாகக் குழந்தையைக் கொடுத்தேன். வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "அந்தப் பொண்ணப் பாத்தேன்" என்றேன். எந்தப் பெண் என்று அவர் கேட்கவில்லை.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார்.