அருள்நாதன் மேல் எனக்குள்ள பொறாமை

ஜொகூர் பாருவின் தம்போய் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அருள்நாதனின் மைத்துனர்தான் அழைத்தார். "அண்ணே, அத்தான் தவறிட்டாருண்ணே. பசியாறிட்டு நாற்காலியில சாஞ்சாரு. அக்கா தட்டை எடுக்க வந்து பாத்தப்ப மூச்சு இல்ல." வலியில்லாமல், வயிறு நிறைந்து, வீட்டு நாற்காலியில் போயிருக்கிறான். எனக்கு அழுகை வரச் சற்று நேரமாயிற்று. முதலில் வந்தது வேறு நினைப்பு: இதிலும் அவனுக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது.

அவனை அறிந்த உங்களிடம் இதை மறைப்பதில் பயனில்லை. ஜொகூர் பாருவில் அவன் மைக் பிடிக்காத கல்யாண மண்டபம் அரிது. உங்களில் பலருடைய கல்யாணத்தில் உங்கள் மாமியாரையே சிரிக்க வைத்தவன் அவன். நானும் அதே வேலையைத்தான் செய்துவந்தேன். வாரநாளில் தொழிற்சாலை, வார இறுதியில் மேடை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே மாதா கோயில், ஒரே இளைஞர் குழு. மண்டபம் நிறையச் சிரிப்பு மட்டும் அவனுக்கே கிடைத்தது.

கோயில் ஆண்டு விருந்தொன்றில் அது தொடங்கியது. நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பு எனக்கு. பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றேன். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. மைக் செத்தது, என் நாக்கும் சேர்ந்து செத்தது. இருட்டில் எங்கிருந்தோ அருளின் குரல் கேட்டது. "அலமாக்! யாரும் எந்திரிக்காதீங்க. இப்பதான் யாரு ரெண்டாவது கோழிக்கால் எடுக்கறாங்கன்னு தெரியாது. சீக்கிரம் எடுத்துக்குங்க!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. விளக்கு வரும்வரை ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. பங்குச் சாமியார் அடுத்த ஆண்டு பொறுப்பை அவனிடம் கொடுத்தார். நான் முதல் ஆளாய்க் கை தட்டினேன். கை வலித்தது.

பிறவி வரம் என்று எண்ணிக்கொண்டால் மனம் ஆறும். கடவுளைக் குறை சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம். அருள் அதற்கும் இடம் வைக்கவில்லை. சிங்கப்பூருக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். விடியலில், எல்லைப் பாலத்து நெரிசலில், தூக்கக் கலக்கத்தில் கிடப்பவர்களிடம் புதுப்புது நகைச்சுவையாய்ச் சொல்லிப் பார்ப்பான். "அந்த நேரத்துல ஒருத்தன் சிரிச்சான்னா, கல்யாண வீட்ல செவுரே சிரிக்கும்லா" என்பான். கல்யாணத்தன்று எல்லோருக்கும் முன்பே மண்டபத்துக்குப் போய்ச் சமையல்கட்டில் நிற்பான். எந்தச் சித்தப்பாவுக்குக் கோபம் வரும், எந்த அத்தையைக் கிண்டல் செய்யலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும் என்பான். தன்னிடம் இருப்பது இன்னதென்று தெரிந்துகொண்டு, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினான். நான் அவன் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்ததோடு நிற்கவில்லை. மூவாரில் மரச்சாமான் வியாபாரம் செய்யும் செட்டியார் குடும்பத்துக் கல்யாணத்தில் அவனைப் போலவே பேசிப் பார்த்தேன். அவன் சொல்லி ஊரே சிரித்த, மாமியார் பற்றிய அதே நகைச்சுவை. ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு கரண்டி கீழே விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பெண்ணின் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விருந்தாளியாக வந்திருந்த அருள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

திரும்பும் வழியில் ஆற்றோரக் கடையொன்றில் மீ பண்டோங் சாப்பிட உட்கார்ந்தோம். ஆறுதல் சொல்வான் என்று நினைத்தேன்.

"ஜோசப், ஏன்டா என் வாயை இரவல் வாங்கிப் பேசற?" என்றான்.

"உனக்கு வருது, பேசற. எனக்கு என்னதான்டா வரும்?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "எங்கப்பா செத்தப்ப வீடு நெறைய ஆளுங்க வந்தாங்க. எல்லாரும் அம்மாகிட்ட தைரியமா இருங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீ மட்டும்தான் பக்கத்துல உக்காந்து, 'அப்பாவுக்கு என்ன கறி புடிக்கும்மா'ன்னு கேட்ட. அம்மா அப்பதான்டா வாயத் தொறந்தாங்க. நான் அவங்க மகன், எனக்கு அது தோணல. உனக்குக் கேக்கத் தெரியும்டா. கேட்டத அப்படியே சொல்லவும் தெரியும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கல்யாண வீடெல்லாம் அவனுக்கு, சாவு வீடு எனக்கா? போதாததற்கு, என்னிடம் இருந்ததைக் கூட அவன்தான் முதலில் பார்த்திருக்கிறான்.

சில மாதங்களில் லாயாங் லாயாங் ஊரிலிருந்து அவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இறந்துவிட்டார், அடக்கப் பூசையில் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். "எனக்கு வராதத நான் தொடறதில்ல. வர்ற ஆளை அனுப்பறேன்" என்று சொல்லி என்னை அழைத்துக்கொண்டு போனான். முதல் நாள் மதியம் முழுவதும் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் அதைச் சுருக்கமாகச் சொன்னேன். வண்டி தாமதமானால் பயணிகளின் பிள்ளைகளுக்குத் தன் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுப்பாராம் அவர். அதைச் சொன்னபோது விதவை தலையை நிமிர்த்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், இவர் என் புருஷன் என்பதுபோல. கடைசி வரிசையில் அருள் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். வெளியே வந்ததும் என் முதுகில் அடித்து, "இதுதான்டா" என்றான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஊரார் முன்னால் இப்படி அழ என்னால் முடியுமா என்ற நினைப்பும் கூடவே வந்தது.

அதன்பின் என்னைத் தேடி வீடுகள் வரத் தொடங்கின. இன்று அது என் வேலை, அதை நன்றாகவே செய்கிறேன். ஆகவே அவனுக்கும் நான்தான் பேச வேண்டியிருந்தது. அவன் மனைவி மெர்சியிடம் போய் உட்கார்ந்தேன். "வீட்ல எப்படிம்மா இருப்பான்?"

"பேசவே மாட்டாருண்ணே. கல்யாணம் முடிஞ்சு வந்தா, ஆறுன குழம்ப ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாரு. வீட்ல நான்தான் ஜோக் அடிப்பேன், அவரு சிரிப்பாரு."

கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். "என்னைப் பாத்து அவனுக்கு எப்பவாச்சும் பொறாமை வந்திருக்குமாம்மா?"

மெர்சி கொஞ்சம் யோசித்தார். அந்த நொடியில் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். "இல்லண்ணே," என்றார். "யாரையும் பாத்து ஏங்கற பழக்கமே அவருக்குக் கிடையாது." அழுது வீங்கிய கண்களோடு என்னைப் பார்த்துச் சிரித்தும் விட்டார்.

அடக்கப் பூசையில் நான் பேசியதை உங்களில் பலர் கேட்டீர்கள். இருட்டு விருந்தைப் பற்றிச் சொன்னபோது கோயிலே சிரித்தது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சிரிப்பு அதுதான். அதுவும் அவனுடைய வார்த்தைக்கு.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்பவை இரண்டு. "எனக்கு வராதத நான் தொடறதில்ல" என்ற அந்தப் பேச்சு ஒன்று. மற்றது இந்தப் பொறாமை. அவனோடு அதைப் புதைக்க முடியவில்லை. அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது மெர்சி வாசல்வரை வந்து, மகள் கல்யாணத்தை நான்தான் நடத்திக்கொடுக்க வேண்டும் என்றார். "அன்னைக்கு நான் அப்பனா உக்காரணும், மைக்க ஜோசப்கிட்ட குடுத்துருன்னு அவரே சொல்லி வச்சிருந்தாருண்ணே." சரி என்றேன். கல்யாண மேடை ஏறிப் பல வருடமாகிறது. போவேன். நகைச்சுவை எதுவும் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணிடம் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டு, அவள் சொல்வதைச் சொல்வேன். அன்றைக்கு மண்டபத்தில் பாதிப் பேர் அவன் குரலைத் தேடுவார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நானும் தேடுவேன்.