புல்லைக் கண்டு பயப்படுகிறவள்

மனாமாவில் புல்லைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இந்தப் பாலைவன ஊரில் புல் தானாக முளைப்பதில்லை. குழாய் போட்டு, தண்ணீர் விட்டு, பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்க்கிறார்கள். நான் பிள்ளை பார்க்கும் வீட்டின் முன்னாலும் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு புல்தரை உண்டு. வெயில் இறங்கியதும் ஐந்து வயது நூரா அதில் ஓடுவாள். உள்ளே வந்ததும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்குப் பின்பக்கம் வரை விரலால் தடவிப் பார்ப்பேன். தோட்டவேலை செய்யும் பாய் சிரிப்பார். "இதர் குச் நஹி, பெஹன்!" இங்கே ஒன்றும் கிடையாதாம். எனக்கும் தெரியும். கை கேட்கமாட்டேன் என்கிறதே!

இரண்டு கோடைக்கு முன் மேடம் குடும்பம் வெயிலுக்குத் தப்பி ஆஸ்திரியா போனது. போகும்போது எங்களைப் போன்றவர்களையும் கூட்டிப்போவது இங்கே வழக்கம். மலையையும் மழையையும் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே எங்கள் ஹட்டன் தேயிலை மலைப் பக்கம். நூரா பூப் பறிக்க இடுப்பளவுப் புல்லுக்குள் இறங்கினாள், பின்னாலேயே நானும். திரும்பியதும் அவள் காலைத் தட்டிச் சுத்தம் பார்த்தேன். என் காலைப் பார்க்கவில்லை. மறுநாள் குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவில் ஓர் உண்ணி. கொழுந்து பறித்து வளர்ந்தவள் நான். அட்டை கடித்து இரத்தம் வழிந்தாலும் சவர்க்காரத்தைத் தேய்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த நிரைக்குப் போவோம். கடித்துவிட்டது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் அன்று முழுக்கக் கேலிதான். அதே பழக்கத்தில் இதையும் பிடுங்கி எறிந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சில நாளில் அங்கே சிவப்பாக ஒரு வட்டம் படர்ந்தது. படர்தாமரை என்று களிம்பு பூசிக்கொண்டேன். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகும் தங்கச்சிமாரே, நீங்களாவது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

மனாமா திரும்பிச் சில மாதத்தில் முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியது. வாதம் என்றார்கள், வேலைப்பளு என்றார்கள். கடைசியில் ஒரு பெரிய டாக்டர்தான், எங்காவது காடு மேடு போனாயா என்று கேட்டு, இரத்தத்தைச் சோதித்து, உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்றார். நாலு வாரம் மாத்திரை. வீக்கம் வற்றியது. அசதி மட்டும் போகவில்லை. வலி இன்று தோளில் என்றால் நாளை இடுப்பில். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, எதற்கு வந்தேன் என்று நிற்பேன். நூராவைத் தூக்கிக்கொண்டு மாடியேறவே பயம்.

ஒருநாள் மேடம் ஏஜென்சிக்காரரோடு புது ஆள் பற்றிப் போனில் பேசியது காதில் விழுந்தது. ஹட்டனில் தங்கச்சி வீட்டில் நின்று படிக்கிறாள் என் மகள் கவிதா. அப்பா இல்லாத பிள்ளை. நான் திரும்பினால் அவள் படிப்பு அதோடு சரி.

மேடம் கல்நெஞ்சுக்காரர் அல்ல. சிநேகிதி சொன்னாள் என்று ஒரு தனியார் கிளினிக்கில் எனக்கு நாள் குறித்தார். கையில் ஒரு குழாயைப் பொருத்தி, மாதக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்களாம். "ஆஃப்டர் திஸ், யூ ஸ்ட்ராங், மலர்," என்றார். எனக்கும் ஆசைதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை லீவில் குதைபியாவுக்குப் போய், அங்கே கிளினிக் வைத்திருக்கும் மதுரைக்கார டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட்டையெல்லாம் காட்டினேன்.

"மாத்திரை சரியாத்தான் குடுத்திருக்காங்க," என்றார். "கிருமி போயிருக்கும். வலி மட்டும் தங்கிப்போச்சு. சில பேருக்கு அப்படி ஆகுது, ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல."

"அப்ப ட்ரிப் ஏத்துனா போயிருமாங்க?"

"மாசக்கணக்குல ஏத்திப் பாத்தும் பெருசா பலன் இல்லம்மா. அந்தக் குழாய் வழியா வேற கிருமி ரத்தத்துல ஏறிச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என் வலி பொய்யிங்களா?"

"யாரு பொய்ன்னா? நிஜமான வலி. அதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும். பிசியோதெரபி, நல்ல தூக்கம், கொஞ்சம் கொஞ்சமா நடை, வலிக்கு மருந்து. வேற ஏதாவது இருக்கான்னும் பாத்துருவோம். மெதுவாத்தான் கொறையும்."

மெதுவாக! வீட்டுவேலைக்காரி மெதுவாகக் குணமாவதற்கு யார் காத்திருப்பார்கள்?

கிளினிக் போகவேண்டிய காலை. வாசலில் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். மேடம் கைப்பையோடு இறங்கி வந்தார். நான் வண்டியில் ஏறவில்லை.

"மேடம்... ட்ரிப் மாஃபி." வேண்டாம் என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "மாஃபி? யூ வான்ட் கோ ஹோம்? கலாஸ்?" வேலை முடிந்ததா என்று கேட்கிறார்.

"நோ ஹோம், மேடம்! ஐ வான்ட் வொர்க்!"

வேலை வேண்டும், வைத்தியம் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் புரியும்? நீட்டிய கையைத் தட்டிவிடுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார். என் அரை ஆங்கிலத்தை நம்பிப் பயனில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மேடத்திடம் நீட்டினேன். அவர்கள் பேசப் பேச நான் மேடத்தின் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிழைப்பே அந்தப் புருவத்தில் இருந்தது. ஒருவழியாகப் போனைத் திருப்பித் தந்தார். டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். "டில் ஈத்," என்றார் என்னிடம். ஈத் வரைக்கும் பார்ப்பாராம். மாடியேறிவிட்டார்.

பிசியோதெரபி போகிறேன். சில நாள் மாடிப்படி சுலபமாக இருக்கிறது, சில நாள் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். கடைகளில் ஈத் துணி வந்துவிட்டது. அதைப் பார்த்தாலே எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

நேற்று மாலை கவிதா வீடியோ காலில் வந்தாள். மழையில் தேயிலைக்குள் குறுக்கே நடந்து வந்திருக்கிறாள். காலில் போட்டிருந்த வெள்ளை மேசில் இரத்தம்.

"முழங்காலுக்குப் பின்னுக்குக் காட்டு புள்ள. நல்லா கிட்டக் காட்டு!"

"ஐயோ, அட்டைதாம்மா! அங்க போயி ஒங்களுக்கு இதுக்கெல்லாம் பயமா?" என்று சிரித்தாள். படம் ஆடியது, கலங்கியது, அறுந்துபோனது. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அதற்குள் நூரா புல்தரையிலிருந்து ஓடிவந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் என் மடியில் நீட்டினாள். "செக், மலர்."

ஒன்றுமே இருக்கமுடியாத அந்தக் காலை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.