ரிவால்வரில் விழுந்த பிள்ளையார் சுழி

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளியில் கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் "ஆர்ட்" என்று சொல்லிவிடுகிறீர்கள். பரவாயில்லை, அதில் பொய் இல்லை. நாம் குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து ஃப்ரீவேயில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு பட்டறையில் கைத்துப்பாக்கிகளின் மேல் கொடியும் இலையும் செதுக்குகிறேன். ஊரில் சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்த கை இது. அம்மாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து நாம் வந்தபோது, இந்தக் கைக்குக் கிடைத்த இடம் அதுதான்.

பாத்திரக் கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம். ஒரு வீட்டுச் சீருக்குப் பேர் வெட்டும்போது முதல் பாத்திரத்தின் அடியில் சின்னதாக ஒரு 'உ' போட்டுவிட்டுத்தான் பேரைத் தொடுவோம். இங்கே வந்தும் அது விடவில்லை. படம் வரையும் தாளின் மூலையில் பென்சிலால் போட்டுக்கொள்வேன். யாருக்கும் தெரியாது.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, தவறிப்போன தன் கணவரின் ரிவால்வரைக் கொண்டுவந்தார். சுடுவதற்கு இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைக்க. அவர்கள் வீட்டு வேலியில் படரும் கொடியை அதன் பக்கத் தகட்டில் வெட்டித் தரவேண்டும். முதலாளியே உலோகத்தின் மேல் நேராகக் கொடியை வரைந்துவிட்டார். எனக்குத் தாளே தேவைப்படவில்லை. தகட்டைக் கழற்றி மேஜைப் பிடியில் இறுக்கினேன், மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன், உளியை வைத்தேன். கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது. கொடி இல்லாத வெறும் இடத்தில், பளிச்சென்று ஒரு 'உ'.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, நத்தையா? என் டிராயிங்ல நத்தை இல்லையே" என்றார் இங்கிலீஷில்.

சொன்னேன். நத்தை இல்லை, எங்கள் பிள்ளையார் என்று கேட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தேய்த்து எடுத்தால் பள்ளம் விழும். பழைய ரிவால்வர், மாற்றுத் தகடு கிடைக்காது.

"அந்தம்மா நாளைக்கு வர்றாங்க. நீயே சொல்லு. அவங்க ஏத்துக்கலைன்னா இந்த பெஞ்சுல வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும்."

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

"அப்பா, ஆர் யூ ஃபயர்ட்?" என்றான் சின்னவன்.

"ஏனுங்க, அந்தம்மாகிட்ட நெசத்தச் சொல்லிப்போடுங்க" என்றாள் உங்கள் அம்மா. "கை வழுக்கிருச்சு, மெஷின் தப்புன்னு ஏதாச்சும் சொல்லி வெக்காதீங்க. உங்களுக்குப் பொய் சொல்லவும் வராது."

பெரியவள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒய் வுட் யூ புட் காட் ஆன் எ கன்?"

கண்ணு, நான் சாமியை என் வேலைக்கு முன்னால்தான் வைத்தேன். அது துப்பாக்கியாக இருந்துவிட்டது. இவ்வளவுதான் இன்றைக்கும் சொல்லத் தெரிகிறது. உனக்கு இது போதாது என்றும் தெரியும்.

மறுநாள் அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹனி, என்னது இது?"

"எதை ஆரம்பிச்சாலும் நாங்க முதல்ல இதைப் போடுவோம் மேடம். தடங்கல் இல்லாம முடியணும்னு. போடக் கூடாத இடத்துல போட்டுட்டேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அந்தச் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். முதலாளி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் ஆரம்பிப்பார். ஒண்ணையும் முடிக்கமாட்டார்" என்றார் அந்த அம்மா. "அந்த வேலிக்கே பாதிதான் பெயின்ட் அடிச்சார்." சிரித்தார். சிரித்துக்கொண்டே கைப்பையில் டிஷ்யூ தேடினார். பிறகு, "கொடியை இதுலேர்ந்தே கெளப்ப முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். 'உ' எழுதி முடிக்கும்போது அதன் வால் வலது பக்கம் நீளும் இல்லையா? அதைப் பிடித்தே கொடியை ஏற்றினேன்.

வேலை முடிந்து அந்த அம்மா வாங்கிக்கொண்டு போன மறுநாள், என் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பித்தளைத் தகட்டை முதலாளி திருகாணி போட்டுப் பொருத்தியிருந்தார். "உங்க ஆளை முதல்ல இங்க போடு. அப்புறம் கஸ்டமர் பொருளைத் தொடு" என்றார்.

சரி என்றேன். வெளியே போய் உங்கள் அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, பெஞ்ச் எனக்குத்தான் என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள். "இத்தன நாளாச் சோத்த அப்படியே திருப்பிக் கொண்டாறீங்க. இன்னைக்காச்சும் தின்னுபோட்டு வாங்க."