நூற்றுப் பதினெட்டு ஆப்பிள்களும் அக்கா கேட்ட ரொட்டியும்

சென்ற ஆண்டு கார்த்திகை எட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வாடைக் காற்று. விடியற்காலையில் பெய்த மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. இராமேசுவரம் பக்கத்து அக்காள்மடத்தில் அக்காவின் வீட்டு அடுப்பில், அடியில் கல் உப்பு பரப்பிய ஐந்து லிட்டர் குக்கரை ஏற்றி, நான் ஆப்பிள் ரொட்டி சுடத் தொடங்கிய நேரம் அது. அப்போது எனக்கு வயது எழுபத்து மூன்று. அதுவரை நான் அடுப்பில் வைத்தவை வெந்நீரும் காப்பியும் கஞ்சியும் மட்டுமே.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்காக அச்சாகும் இந்த மலரில், அவருடைய வாழ்வைப் பற்றி எழுதும்படி அவருடைய ஒரே மகள் செல்வி மஸ்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டாள். பிறப்பிலிருந்து தொடங்குவதே முறை என்பது எனக்குத் தெரியும். மூன்று முறை அப்படித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். எங்கே தொடங்கினாலும் இந்த ரொட்டியில்தான் வந்து நிற்கிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், மானாவாரி மிளகாய் போடும் குடும்பத்தில் பிறந்தார். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அய்யா படுக்கையில் விழுந்த ஆண்டு அக்கா ஏழாம் வகுப்பு. பள்ளியை நிறுத்திக்கொண்டு மிளகாய்ப் பழம் பறிக்கப் போனார். அதனால் நான் இராமநாதபுரத்தில் பி.யு.சி. வரை படித்தேன். அந்தப் படிப்பை வைத்து மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் முப்பத்து நான்கு ஆண்டுகள், எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போயிற்று என்று எழுதினேன். எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. அது நல்ல பழக்கம் என்றே போன ஆண்டு வரை நினைத்திருந்தேன்.

அத்தான் மீன் வண்டி ஓட்டினார். செல்விக்கு ஆறு வயதாக இருக்கும்போது விபத்தில் தவறிவிட்டார். அக்கா யாரிடமும் கையேந்தவில்லை. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள், நாள்தோறும் நூற்று முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் சமைத்தார். ஒரு கரண்டிச் சோறு கீழே போவதைக்கூட அவர் பொறுக்க மாட்டார். என் மனைவி காலமான பின்பு என்னையும் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். நான் சோற்றில் குறை சொல்லாத நாள் இல்லை. அவரும் பதில் சொல்லாத நாள் இல்லை.

ஆடி மாதம் அக்காவுக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. மருத்துவர் தனியாக என்னிடம், முடிந்தவரை ஏதாவது உண்ணச் செய்யுங்கள், வேறு வைத்தியம் இல்லை என்றார். அன்றிலிருந்து அக்கா உள்ளே கொள்ளும் ஒவ்வொரு கரண்டியையும் ஒரு நோட்டில் எழுதினேன். கார்த்திகை பிறந்தபோது அது நாளைக்கு நான்கு கரண்டிக் கஞ்சியாகச் சுருங்கிவிட்டது.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. அப்படி அக்காவைப் பார்க்க இருபத்தேழு வீட்டார் வந்தீர்கள். நீங்கள் கொண்டுவந்த ஆப்பிள்கள் நூற்றுப் பதினெட்டு. அவை வந்த கணக்கும் போன கணக்கும் என்னிடம் உண்டு. அக்காவுக்கு மசித்துக் கொடுத்தவை ஒன்பது. அடுத்த வீட்டு நூர்ஜஹானின் பிள்ளைகளுக்குக் கொடுத்தவை முப்பத்தாறு. நான் தின்றவை நாற்பது. அழுகி ஆட்டுக்குப் போட்டவை முப்பத்தொன்று. ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட அந்த வீட்டில் ஆப்பிளை விலை கொடுத்து வாங்கியதில்லை.

ஆட்டுக்குப் போடுவதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்துவிட்டார் அக்கா.

"ஏலே, நூத்தி முப்பது புள்ளைக்கு ஆக்கிப் போட்ட கையி இது. எங் கண்ணு முன்னாலயே பழத்த அழுக விடுறியே, ஒனக்கு அடுக்குமா?"

"நீ தின்னா நான் ஏன் ஆட்டுக்குப் போடுறேன்?"

"பச்சையா யாருடா திம்பா? எதையாச்சும் ஆக்கு."

செல்விக்குப் போன் போட்டேன். தன் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை ஆப்பிளும் பட்டைத்தூளும் போட்டு ரொட்டி சுடுவதாகச் சொன்னாள்.

"ஈஸ்ட் வேணாம் மாமா, ஊற வைக்க வேணாம். கலக்கி ஊத்துனா முடிஞ்சது. ரெண்டு ஆப்பிள், தோலைச் சீவிப் பொடியா நறுக்கிக்கங்க. ஒன்றரை கப் மைதா, முக்கா கப் சீனி, ரெண்டு முட்டை, அரை கப் எண்ணெய். ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர். ஒரு ஸ்பூன் பட்டைத்தூள்."

"எந்தக் கப்பு?"

"ஏதாச்சும் ஒரு கப்பு மாமா. எல்லாத்துக்கும் அதே கப்பா இருந்தா போதும்."

"குவிச்சா, தலை தட்டியா?"

"தலை தட்டி. அம்மா கிட்டக் குடுங்க போனை."

குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும் என்று அவள் நான்கு முறை சொன்னாள். கேக் தட்டு நூர்ஜஹான் கொடுத்தது. பட்டையைத் தூளாக்குவதில்தான் நான் பிசகிவிட்டேன். எங்கள் வீட்டில் பட்டை என்றால் கறி மசாலாவுக்குத்தான். எப்போதும் மசாலா அரைக்கும் சின்ன ஜாரிலேயே போட்டு அரைத்தேன். அந்த ஜாரில் சோம்பும் மல்லியும் வற்றலும் இருபது ஆண்டுகளாக ஊறிக் கிடந்தன.

ஐம்பது நிமிடம் சிறு தீயில் வெந்தது. குச்சியால் குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆனால் ஆட்டுக்கறி வேகிற வீடு போல வீடு முழுக்க மணந்தது. மசாலா வாடையே ஆகாது, குமட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தேன்.

அக்கா தானாகவே எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு வீட்டுலடா கறி?"

"கறியில்ல. ரொட்டி. நாந்தான் ஜாரைக் கழுவாம அரைச்சுட்டேன்."

"கொண்டா பாப்போம்."

ஒரு துண்டை விண்டு வாயில் போட்டார். மென்றார். நான் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன், வாந்தி எடுத்தால் பிடிப்பதற்கு.

"கறிக்கொழம்புக்குள்ள சீனியக் கொட்டுனாப்புல இருக்கு," என்றார். பிறகு சிரித்தார். "ஆடு எங்கடா?"

ஒன்றரைத் துண்டு தின்றார். நோட்டில் அப்படியே எழுதினேன்: ஒன்றரை, வாந்தி இல்லை. மறுநாளும் ஒரு துண்டு. அடுத்த மூன்று நாள்களும் பாதிப் பாதி. வெள்ளிக்கிழமையோடு ரொட்டி தீர்ந்தது.

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை காலையில் அக்கா கேட்டார். "ஏலே, அந்த ரொட்டியை இன்னொருவாட்டி சுடுறியா? அதே ஜாருல அரை."

கூடையில் ஆப்பிள் இல்லை. கடைசி இரண்டும் ரொட்டிக்குப் போய்விட்டன.

"நாளைக்கு உச்சிப்புளியிலிருந்து சின்னய்யா மகன் வாரான். ஆப்பிள் கொண்டாருவான், சுட்டுருவோம்," என்றேன்.

"வருவானா?"

"வாரேன்னு போன்ல சொன்னான்."

அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறன்று சின்னய்யா மகன் வரவில்லை. அவன் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். இதில் அவன்மேல் எந்தக் குறையும் இல்லை. இதைப் படிக்கும்போது அவன் வருந்தக் கூடாது. திங்களன்று மருந்து வாங்க இராமேசுவரம் போனேன். பழக்கடையில் ஆப்பிள் கிலோ இருநூற்று நாற்பது ரூபாய். நின்றேன். மழை விட்டால் நாலு பேர் வருவார்கள், வருகிறவர்கள் எல்லாரும் ஆப்பிள்தான் கொண்டுவருவார்கள், மறுபடியும் அழுகும், மறுபடியும் அக்கா ஏசுவார் என்று கணக்குப் போட்டேன். மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தினமும் காலையில் அக்கா கேட்டார், "ஆப்பிள் வந்துச்சா?"

"இன்னும் வரல."

வியாழனன்று ஒரு வீட்டார் நனைந்துகொண்டே வந்தார்கள். சத்துமாவு டப்பா கொண்டுவந்தார்கள். பையைப் பார்த்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்பதையும் விட்டுவிட்டார். நோட்டில் அன்று ஒரு கரண்டி. சனியன்று அரை. ஞாயிறு எதுவும் எழுதவில்லை. இருபத்திரண்டாம் நாள் திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அக்கா காலமானார். வயது எழுபத்தெட்டு. மழை விட்டு நல்ல வெயில் அடித்தது.

ரொட்டி தின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் முதலிலேயே நாள் சொல்லிவிட்டார். அக்கா யாரிடமும் எதையும் கேட்டவர் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். கேட்டது அந்த ஒரு தடவை.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிய நூர்ஜஹானுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் பெண்ணுக்கும், மழைச் சேற்றில் பாடை சுமந்த அக்காள்மடத்து இளைஞர்களுக்கும், தூரத்திலிருந்து நாள் தவறாமல் பேசிய செல்விக்கும், பழத்தோடு வந்த இருபத்தேழு வீட்டாருக்கும், வர நினைத்து மழையால் வர முடியாமல் போனவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் நூற்றுப் பதினெட்டு ஆப்பிள்களில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு, அக்காவுக்குப் பிடித்ததை எல்லாம் அவரவர் சமைத்து வைத்தார்கள். நான் அதிகாலையில் இராமேசுவரம் போய் வந்து, அதே ஜாரில் பட்டை அரைத்து, அதே கப்பில் தலை தட்டி அளந்து, ரொட்டி சுட்டேன். ஒன்றரைத் துண்டு வெட்டி இலையில் வைத்தேன். அந்த வீட்டில் விலை கொடுத்து வாங்கிய முதல் ஆப்பிள்கள் அவை. எண்ணிக்கை இரண்டு. எடை முந்நூற்று ஐம்பது கிராம். விலை எண்பத்து நான்கு ரூபாய்.