ஈரம் தின்னும் வெளிச்சம்

மின்சாரம் கொடுத்தால் ஒளிரும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கைப் பற்றியது என் ஆராய்ச்சி. அதைக் கரைத்து, கண்ணாடித் துண்டொன்றின்மேல் மிக மெல்லிய படலமாகப் பரப்பி, அதற்கு மேலே உலோகத்தைப் படியவைத்தால் நகமளவு விளக்கு ஒன்று கிடைக்கும். வெளிநாட்டில் படித்த காலத்தில் இதைச் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி, வாவிக்குப் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் அமைத்த பிறகுதான் ஈரம் என்னைப் படுத்தத் தொடங்கியது. ஈரக் காற்றுப் பட்டால் அந்த விளக்கில் கறுப்புப் புள்ளிகள் விழும். புள்ளிகள் பரவும். விளக்குச் செத்துப்போகும்.

அதனால் நைதரசன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வேலை. பெட்டியில் பொருத்திய றப்பர் கையுறைகளுக்குள் கைகளை விட்டுச் செய்யவேண்டும். பொருளாதார நெருக்கடியால் நாட்டில் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமற்போன அந்த வருடம் கையுறைகளும் வெடித்து, பெட்டிக்குள் ஈரக் காற்றுப் புகுந்தது. புதியவற்றை இறக்குமதி செய்ய வழியில்லை. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப்போடுகிற பசையால் நானும் என் ஆராய்ச்சி மாணவியும் அவற்றை ஒட்டினோம். மாணவி காத்தான்குடிக்காரி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தபடியே என்னிடம் ஆராய்ச்சி செய்தவர். மாரி முழுவதும் இருவரும் செய்த விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை. ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்ப்போம், கறுத்திருக்கும், அடுத்ததைத் தொடங்குவோம்.

அந்த நேரத்தில்தான் பழைய நண்பன் ஒருவன் அவுஸ்திரேலியாவில் வேலை இருப்பதாக எழுதினான். நல்ல ஆய்வுகூடம், குடும்பத்தோடு வரலாம் என்றான். என் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. மருந்தில்லாத வார்ட்டில் நின்றுவிட்டு வந்து, தன்னாமுனை வீட்டில் விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். போவோம் என்றுதான் சொன்னாள். நான் முடிவெடுக்காமல் நாளைக் கடத்தினேன்.

ஆனி மாதம் கச்சான் வீசத் தொடங்கியது. மேற்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், உடம்பெல்லாம் எரியும். மாணவி ஈரமானியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சேர், பின்னேரத்துல ஈரம் நல்லாக் குறையுது. கச்சான் அடிக்கிற நேரமாப் பாத்துச் செய்வமா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தும் செய்தோம். யன்னலைத் திறந்தால் தூசி, பூட்டினால் வேக்காடு. கையுறைக்குள் வியர்வை வழிந்தது. சில நாட்களில், மின்சாரம் இருந்த ஒரு பின்னேரம், விளக்கொன்று எரிந்தது. இளம்பச்சை. நாங்கள் மகிழ்ந்து குதிக்கவில்லை. மாணவி கதிரையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார். களைப்பா, அழுகையா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பிலிருந்த விறகைத் தள்ளிவைத்துவிட்டு, "அந்த வெளிச்சத்த எனக்கும் ஒருக்காக் காட்டுங்க. பிறகு மத்ததக் கதைப்பம்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை, இரவு வேலை முடித்துக் கொஞ்சம் தூங்கியெழுந்து, பஸ்ஸில் வந்தாள். மாணவி கதவுச்சீலையை இழுத்துவிட்டார். நான் மின்னழுத்தத்தை மெல்லக் கூட்டினேன். பச்சை தெரிந்தது. மனைவி பெட்டியின் கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்தாள். சிறிது நேரத்தில் ஓரத்தில் புள்ளி விழுந்தது. பிறகு நடுவிலும் விழுந்தது. வெளிச்சம் மங்கி அணைந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள். கேலியில்லை.

"ஓம். இப்போதைக்கு இவ்வளவுதான்."

"இன்னொருக்காச் செய்யேலுமா?"

செய்யலாம், நேரமெடுக்கும் என்றேன். நான் திரும்பவும் கையுறைகளுக்குள் கைகளை விட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "நீங்க போகமாட்டீங்க. எனக்கு விளங்கிட்டு" என்றாள். குரலில் கோபம் இல்லை, சந்தோசமும் இல்லை. பிறகு மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். அடுத்த விளக்கு எரிந்தபோது மாணவி அவளை எழுப்பப் போனார். நான் வேண்டாமென்று கைகாட்டினேன்.

நண்பனுக்கு வரமுடியாது என்று எழுதினேன். மனைவி அதைப் பற்றி இன்றுவரை குறை சொன்னதில்லை. அதுவே சில நாட்களில் எனக்குப் பாரமாக இருக்கும்.

புதிய கையுறைகள் அடுத்த வருடம் வந்தன. விளக்குகள் முன்னரைவிட நீண்டநேரம் எரிகின்றன, ஆனாலும் வெளிநாட்டு ஆய்வுகூடங்களோடு ஒப்பிட முடியாது. ஈரம் எப்படி அந்தப் படலத்துக்குள் நுழைகிறது என்று நாங்கள் எழுதிய கட்டுரை, சில இடங்களிலிருந்து திரும்பி வந்து, சிறிய சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. கடைகளில் விற்கிற தொலைபேசித் திரைகளிலே இதே மாதிரி வெளிச்சம் இருக்கும்போது நாம் ஏன் இதைச் செய்கிறோம் என்று முதலாம் வருட மாணவர்கள் கேட்கிறார்கள்.

மாணவி பட்டம் பெற்று இப்போது என்னோடு விரிவுரையாளராக இருக்கிறார். நீல நிறத்தைச் செய்து பார்க்கவேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். பச்சையைவிட நீலம் விரைவாகச் சாகும். இந்தக் கிழமை செய்த மூன்றும் செத்துவிட்டன.