தெமோதரை மலைவெடிப்பும் பனியைக் கடந்த அகச்சிவப்பு ஒளியும்

போன நவம்பரில் தெமோதரைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. வெடிப்பை அளக்கும் கருவியை அதற்கு முந்தின மாதம் பொருத்தியவன் நான்தான். போன் சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கு அது. அதனால் அளவுகள் 420 மீட்டர் தள்ளி எதிர்மேட்டிலுள்ள தொழிற்சாலைக்கு அகச்சிவப்பு ஒளியில் போகும். வெடிப்பு 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கே சங்கு ஊதும். லயத்துச் சனங்கள் வெளியேற வேண்டும். ஆனால் பனி இறங்கினால் இணைப்பு அறுந்துவிடுகிறது என்று தகவல் வந்தது.

பண்டாரவளையில் காலை 8.40 பஸ். தெமோதரையிலிருந்து ஆட்டோ: 7 கிலோமீட்டர், 1,200 ரூபாய். "இன்னைக்கு மழ விடாதுங்க, சீக்கிரம் திரும்பிருங்க," என்றார் ஓட்டுநர்.

தொழிற்சாலைத் திரை வெறுமையாக இருந்தது. அங்கே ஒளியை வாங்கும் ஏற்பியை, பனியிலும் வேலைசெய்யும் புது முறைக்கு மாற்றினேன். அனுப்பும் பெட்டியை மலையில் ஏறித்தான் மாற்ற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்துபறிப்பவரான யோகேஸ்வரி வழிகாட்டினார். ஐம்பது நிமிட ஏற்றம், இரத்தம் உறிஞ்சும் அட்டைகளோடு.

பெட்டியில் 31 மில்லிமீட்டர் என்று இருந்தது.

"காலையில பத்தொம்பதுதாங்க இருந்துச்சு!" என்றார்.

"இங்கேருந்து கத்துனா கேக்குமா?"

"இந்த மழயில கேக்காதுங்க. எறங்க அர மணி ஆகும்."

நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என் மடிக்கணினிக்கு மேலே பிடித்தார். பழைய முறையில் ஒளி எரிந்தால் ஒன்று, அணைந்தால் சுழியம். பனிக்குள் இரண்டும் ஒன்றுபோலாகிவிட்டன. புது முறையில் பதினாறு நேரக்கூறுகளில் ஒன்றில் மட்டும் பலமான ஒரு துடிப்பு. அது விழும் இடமே செய்தி. கூடவே பிழைதிருத்தும் குறியீடு: சில துடிப்புகள் தொலைந்தாலும் மறுமுனை சரிசெய்துகொள்ளும். வேகம் நூறில் ஒரு பங்குதான்.

12.37க்கு அனுப்பினேன். ஒரு நிமிடம். இரண்டு. லென்ஸைத் துடைத்தேன். மூன்று. எதிரே வெறும் வெள்ளை.

12.41.

"ஊதுதுங்க! சங்கு ஊதுது!" யோகேஸ்வரி அதற்குள் பக்கவாட்டுப் பாதையில் இறங்கத் தொடங்கியிருந்தார்.

1.30க்கு மண் சரிந்தது. கடைசி இரண்டு வீடுகள் புதைந்தன. உள்ளே யாரும் இல்லை. ஒன்று யோகேஸ்வரியின் வீடு.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் மதியத்துக்கு முன்பே திரும்புங்கள், அட்டைக்கு உப்பு வையுங்கள். இப்படி இணைப்பு அமைப்பவர்களுக்கு: தெளிந்த வானத்தை நம்பாதீர்கள். மெதுவான முறையை முதலிலேயே வைத்திருக்கலாம். அறிக்கையில் வேகம் குறைவாகத் தெரியுமே என்று நான் வைக்கவில்லை.

லயத்துச் சனங்கள் தங்கியிருந்த தோட்டப் பள்ளிக்கூட மண்டபத்தில் இதை யோகேஸ்வரியிடம் சொன்னேன்.

"மேல இருக்கிற இன்னொரு லயத்துக்குப் பின்னாலயும் மல வெடிச்சிருக்குங்க," என்றார். "அங்க கருவி எப்ப வைப்பீங்க?"